மூன்றே நாளில் ஒரு வருஷம்!



நம் மலரில் தூரத்துக் கிரகங்களைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள். "டேய், நாம டிப்ளமோ மெக்கானிக்கல். நட்சத்திரமெல்லாம் எம்.எஸ்சி. படிக்கிறவங்க சமாச்சாரம்" என்றார்கள். இந்தப் பேச்சைத்தான் நான் மறுக்கிறேன்.

முதலில் விஷயத்துக்கு வருவோம். நம்ம வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 12 வருஷம் ஆகும். இதைப் பார்த்துப் பழகியவர்கள், பெரிய கிரகம் என்றால் தள்ளித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 'கிட்டவே சுற்றும் பெரிய கிரகங்களும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்' என்று ஆட்டோ ஸ்ட்ரூவ் என்பவர் 1952லேயே எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை! 1995ல்தான் மிஷேல் மேயர், டிடியே கேலோஸ் என்ற இருவர், 51 பெகாசி என்ற நட்சத்திரத்தை நாலேகால் நாளில் சுற்றிவிடும் ராட்சசக் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். 2019ல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கிரகத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. எங்க ஊர் புன்னைக்காயலில் ராத்திரி கரையில் நின்றால் தூரத்து வல்லம் தெரியாது, அலையும் தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். அந்த விளக்கு ஏறி இறங்குவதை வைத்தே கீழே அலை இருக்குன்னு சொல்லிடலாம். அதே மாதிரி, கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் நம்மை நோக்கி வந்து, பின்னால் போகும். அப்போது அதன் ஒளியில் நிறக்கோடுகள் துளி நகரும். அந்தத் துளியை அளந்தார்கள்.

இது வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் முடிகிற காரியமா? இல்லவே இல்லை. அகமதாபாத் பிசிகல் ரிசர்ச் லேபரட்டரிக்காரர்கள் மவுண்ட் அபு மலையில் 1.2 மீட்டர் டெலஸ்கோப்பில் 'பாரஸ்' என்ற ஸ்பெக்ட்ரோகிராஃபை மாட்டி, டி.ஓ.ஐ. 1789 என்ற நட்சத்திரத்தைக் கவனித்தார்கள். 2021ல் முடிவு வந்தது. வியாழனைப் போல 1.4 மடங்கு பருமன், எடையோ 0.7 பங்குதான், சூடு பட்டு உப்பின பூரி மாதிரி! அதற்கு ஒரு வருஷம் என்பது நமக்கு 3.2 நாள்.

அந்தக் கருவி எப்படி இருக்கு தெரியுமா? வாக்குவம் அறைக்குள் வைத்து, 25 டிகிரி வெப்பத்தில் 0.01 டிகிரிகூட ஏறாமல் இறங்காமல் காக்கிறார்கள். ஏன்? உலோகம் சூடுபட்டால் விரியும். கருவி விரிந்தால் கோடு நகரும். நட்சத்திரம்தான் ஆடுது என்று ஏமாந்து போவோம். ஒர்க்‌ஷாப்பில் "மைக்ரோமீட்டர்ல ஜீரோ எரர் பார்த்தியா?" என்று சார் கத்துகிறாரே, அதே சங்கதி!

நம்ம சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1855ல் மதராஸ் வானாய்வுக்கூடத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தோடு ஒரு கிரகம் இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அது நிற்கவில்லை. அந்தக் கால அளவுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. யோசனைக்குக் குறைவில்லை, கருவிதான் போதவில்லை.

அப்படியானால் லீக் பார்ப்பது, ஹீட்டர் கன்ட்ரோல், நுணுக்கமான ஃபிட்டிங் எல்லாம் யார் படிக்கிற படிப்பு? இஸ்ரோவிலும் அந்த லேபரட்டரியிலும் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு டிப்ளமோதான் தகுதி. குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து வேலை, வேலை என்று பேசுகிறோம். ஆனால் ஐ.வி. என்றால் மட்டும் பாதி நாள் ஃபேக்டரி, மீதி நாள் அருவி!

சங்க நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை இதுதான். இந்த முறை வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூருக்குப் போவோம். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கே 1986லிருந்து இருக்கிறது. கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. அவ்வளவு கனத்தையும் திருப்புகிற கியரையும் பேரிங்கையும் பார்க்கணும். முதல் பெயர் என்னுடையது. மலைப்பாதை என்பதால் வாந்தி வர்றவங்க முன் சீட்டைப் பிடிச்சுக்கோங்கப்பா!