சிரைக்கத்தான் லாயக்கா? சிரைச்சுப் பாத்துட்டு சொல்லுங்க!

"ஒழுங்கா படி, இல்லன்னா சிரைக்கத்தான் போகணும்." பெரம்பலூர், அரியலூர் பக்கம் பள்ளிக்கூடம் போனவங்கள்ல இந்த வசனத்தைக் கேட்காமலே பத்தாவது தாண்டினவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. (யாரும் தூக்கப் போறதில்லை.) மாடு மேய்க்கிறது முதல் ஆப்ஷன், சிரைக்கிறது ரெண்டாவது ஆப்ஷன். வாத்தியார் சொல்வார், அப்பா சொல்வார், பக்கத்து வீட்டு மாமா சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போவார். காலேஜ் வந்தா இன்னும் மோசம். லேப்ல ப்ரோக்ராம் ஓடலைன்னா "ரெண்டு மணி நேரமா என்னத்தடா சிரைச்ச?" கேட்ச் விட்டா "போய் சிரைடா". ஆக, நம்ம ஊர்ல சிரைக்கிறதுன்னா ஒண்ணும் செய்யாம இருக்கிறது, இல்லைன்னா எதுக்கும் உதவாதவன் செய்யறது.

என் கேள்வி ரொம்ப சிம்பிள். இதைச் சொல்ற உங்கள்ல எத்தனை பேர் சவரக்கத்தியைக் கையில பிடிச்சிருக்கீங்க?

மூணு பிளேடு வச்ச பிளாஸ்டிக் ரேசர் கணக்குல சேராது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினாரே, அதுக்குப் பேரே சேஃப்டி ரேசர். கத்தி பிடிக்கத் தெரியாதவனும் சவரம் பண்ணிக்கலாம் என்பதுதான் அந்த வியாபாரத்தின் மொத்த ரகசியமும். அதாவது, நமக்கு இந்த வேலை வராதுங்கிறதை வச்சே ஒரு கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல சம்பாதிச்சிருக்கு. நம்மாளு அதை வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, வேலை தெரிஞ்சவரைப் பார்த்து "சிரைக்கிறவன்"னு சொல்றான். நல்லா இருக்குல்ல?

பெரம்பலூர்ல பெரியவர் ஒருத்தர் கடையில நாலு மாசமா நான் இதைக் கத்துக்கிட்டு வர்றேன். மதியம் ரெண்டு மணிக்கு மேல கடை காத்தாடும், அதான் கிளாஸ் டைம். முதல் மூணு வாரம் முகத்துக்குப் பக்கத்துலயே கத்தி வரலை. பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, அதை வழிக்கணும். "தம்பி, கத்தியை அமுக்காத. அதுவே போகும். நீ கோணத்தை மட்டும் பாத்துக்க." இதுதான் மொத்த பாடத்திட்டம். கோணம்னா சுமாரா 30 டிகிரி. அதைவிடப் படுத்தா முடி இழுபடும், வலிக்கும். நிமிர்ந்தா தோலைச் சீவிடும். கத்தி பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் அது சவரம் இல்லை, வெட்டு. பலூன் வெடிக்கும்போது கடையில உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கிற ஆள் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். :-)

இது வலது கைக்கு மட்டுமான பாடம். உண்மையான வேலை இடது கைக்குத்தான். தோலை எந்தப் பக்கம், எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி வித்தை இருக்கு. கன்னத்துல முடி கீழ்நோக்கி வளருது. கழுத்துக்கு வந்தா ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு திசை, சிலருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு திசை. முதல் தடவை முடி வளர்ற திசையிலேயே போகணும், எதிர்த்துப் போனா கொப்புளம்தான். தாடை எலும்பு திரும்புற இடம், மேலுதடு, தொண்டைக் குமிழ் மூணும் பரீட்சை மாதிரி. பெரியவர் விரலால ஒரு தடவை முகத்தைத் தடவிப் பார்த்துட்டே முடி எப்படிப் படுத்திருக்குன்னு சொல்லிடுவார். எனக்கு இன்னும் அது பிடிபடலை.

அவர்கிட்ட பழைய அடைப்பம் ஒண்ணு இருக்கு. சவரச் சாமான் வைக்கிற பெட்டி, அவங்க அப்பாவுடையது. உள்ளே மடக்குக் கத்தி, கல், தோல்வார், படிகாரம். பிளேடு மாட்டாத அசல் கத்தி அது, தீட்டித் தீட்டியே ஓட்டணும். கல்லுல தீட்டும்போது கத்தியின் முதுகும் முனையும் ரெண்டுமே கல்லுல படிஞ்சிருக்கணும். கோணத்தை முடிவு பண்றது அந்த முதுகின் தடிமன்தான். செஞ்சவன் கணக்கை இரும்புலயே வச்சு அனுப்பிட்டான்! தோல்வார்ல அப்படியே எதிர்ப்பக்கம், முதுகு முன்னால போகணும், முனை பின்னால வரணும். திருப்பும்போது முதுகை வச்சே புரட்டணும். தப்பா புரட்டினா தோலும் போச்சு, முனையும் போச்சு. நாம நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஒரு காய்கறிக் கத்தியைக்கூடத் தீட்டத் தெரியாம வெளிய வர்றோம், அதையும் சொல்லிடறேன்.

அந்தக் கத்தி கடையில இப்ப ஓடறதில்லை, ஓடவும் கூடாது. 1986-ல இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் வந்த பிரச்சாரத்துல "புது பிளேடு போடச் சொல்லுங்க"ன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. ஒரே கத்தியை நாலு பேருக்குப் போட்டா மஞ்சள் காமாலைக் கிருமியும் பரவலாம். அதனால இப்ப பிளேடை ரெண்டா ஒடிச்சுப் பாதியை மாட்டுற கத்திதான். பழைய கத்தி நம்ம ஒருத்தர் முகத்துக்கு மட்டும்னா தாராளமா வச்சுக்கலாம். "பழசெல்லாம் பொற்காலம்"னு நான் பாட வரலை.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். இதே வித்தையை வெளிநாட்டு வீடியோவுல பார்த்துட்டு நம்மாளுங்க வாயைப் பிளக்கிறாங்க. ஜெர்மனி சோலிங்கன்ல செஞ்ச கத்தி, ஆயிரக்கணக்குல விலை, பின்னணியில மெல்லிசை. "ஆர்ட் மச்சி, ஆர்ட்!" சரி, ஆர்ட்தான். அதே கோணம், அதே இடது கை, அதே தோல்வார் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தா மட்டும் ஏன் கெட்ட வார்த்தை ஆகுது? கத்தியில வித்தியாசம் இல்லை. பிடிக்கிற கை யாருடையதுங்கிறதுலதான் இருக்கு. சாதின்னு நேரடியாச் சொன்னா கோபம் வருது, அதனால தொழிலைச் சொல்லித் திட்டறோம், அவ்வளவுதான்.

இங்கிலாந்துலயும் ஒரு காலத்துல முடி வெட்டினவரும் அறுவை சிகிச்சை செஞ்சவரும் ஒரே சங்கம். 1540-ல சேர்ந்தாங்க, 1745-ல பிரிஞ்சாங்க. அங்க சர்ஜன்கள் இன்னைக்கும் "டாக்டர்"னு போடாம "மிஸ்டர்"னு போட்டுக்கறதுக்கு அந்தப் பழைய கதைதான் காரணம், அதைப் பெருமையாவும் சொல்லிக்கறாங்க. இங்க சவரம் செஞ்ச குடும்பத்து ஆண்கள் கட்டி அறுத்து வைத்தியம் பார்த்தாங்க, பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தாங்க. மருத்துவர், மருத்துவச்சிங்கிற பேரு சும்மா வந்ததில்லை. தமிழ்நாட்டு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்க, மருத்துவர், நாவிதர் பக்கத்துலயே பிராணோபகாரின்னு ஒரு பேர் இருக்கும். உயிருக்கு உதவறவர்னு அர்த்தம். நம்ம தாத்தாக்கள்ல பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கூட்டிட்டு வந்த கை அது. அதுக்கு நாம கொடுத்த கூலி அறுப்புக்கு அறுப்பு களத்துல கொஞ்சம் நெல்லு, கூடவே ஒரு வசவு.

விஸ்வநாததாஸ்னு ஒரு நாடக நடிகர், சிவகாசிக்காரர். மேடையில விடுதலைப் பாட்டு பாடியே பல தடவை ஜெயிலுக்குப் போனவர். அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவரோட ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தாங்க. கே.பி. ஜானகி அம்மாள் துணிஞ்சு நடிச்சாங்க. 1940 டிசம்பர் 31 அன்னைக்கு முருகன் வேஷத்துல மேடையிலேயே உயிர் போச்சு. நம்ம சுதந்திர தின விழாப் பேச்சுகள்ல இவர் பேரை எத்தனை தடவை கேட்டிருக்கீங்க?

"மச்சி, நாங்க சாதியை நினைச்சு சொல்லலை, சும்மா ஃப்ளோல வருது." வரும்தான். ஆனா "நீ ஆடிட்டிங்குக்குத்தான் லாயக்கு"ன்னு ஏன் ஃப்ளோல வர மாட்டேங்குது? நம்ம வகுப்புலயே அப்பா சலூன் வச்சிருக்கிறவன் இருக்கான்னு வச்சுக்குங்க. ஃபார்ம்ல தகப்பனார் தொழில்ங்கிற கட்டத்துல "சுயதொழில்"னு எழுதிட்டுப் போயிடுவான். ஏன் அப்படி எழுதறான்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா ஒருதலைப்பட்சம்பீங்க. தலித்துகளுக்கு முடி வெட்ட மாட்டேன்னு சொல்ற சலூன்கள் தமிழ்நாட்டு கிராமங்கள்ல இருக்கு. ஊர்ப் பெரிய சாதிக்குப் பயந்து செய்யறாங்கன்னு காரணம் சொல்லலாம். ஆனா தீண்டாமை காட்டி சேவையை மறுக்கிறது 1955 சட்டப்படியே குற்றம். கத்தி பிடிச்சவர் செஞ்சாலும் குற்றம்தான், அவரை அப்படிச் செய்ய வைக்கிற ஊர்க்காரங்க செஞ்சாலும் குற்றம்தான்.

2018-ல வந்த 'சவரக்கத்தி' படத்துல ராம் முடிதிருத்துபவரா நடிச்சிருப்பார். அந்த மாதிரி படம் அபூர்வம். மத்தபடி நம்ம காமெடி டிராக்குகள்ல "சிரைக்கிற" வசனத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ஆகவே மக்களே, அடுத்த தடவை அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தா, ஒரு பலூன், கொஞ்சம் சோப்பு, ஒரு சவரக்கத்தி, இது மூணையும் தயார் பண்ணுங்க. பலூன் முழுசா மிஞ்சினா எனக்குச் சொல்லுங்க, பெரியவர் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், கடை லீவு.