பொறியியல் மாணவர் நலம் வகுப்பறையில் தொடங்குகிறது: நிலைப்பாட்டு அறிக்கை

பாடம் புரிவது, தடுமாறும் இடத்தில் கேட்க ஆள் இருப்பது, உண்ணவும் உறங்கவும் நேரம் கிடைப்பது, தவறிய பாடத்தை மீண்டும் எழுதித் தேறலாம் என்ற நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்ததே பொறியியல் மாணவரின் கல்வி நலம். தேசியப் பொறியியல் கல்லூரி 1946-லும், ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி 1963-லும் தொடங்கப்பட்ட மைசூருவில் இது தலைமுறைகளாகத் தொடரும் கவலை.

நலத்தைக் காக்கும் முதல் பொறுப்பு கற்பிக்கும் முறைக்கும் மதிப்பிடும் முறைக்கும் உரியது என்பதே எங்கள் நிலைப்பாடு. மனநல ஆலோசகர் அறை அதற்குத் துணை நிற்க வேண்டும்.

கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டத்தில் அகமதிப்பீட்டுக்கு 50, பருவத் தேர்வுக்கு 50 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. அகமதிப்பீட்டில் 20 எடுக்காதவர் பருவத் தேர்வுக்கே போக முடியாது. எனவே முதல் அகமதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வரும் நேரமே உதவிக்கு உரிய தருணம். எடுத்துக்காட்டாக, இயந்திரவியல் கணக்கு ஒன்றில் மாணவி ஒருவர் விசைகளைக் காட்டும் ஃப்ரீ பாடி டயகிராம் வரையும்போது உராய்வு விசையை விட்டுவிடுகிறார். அதனால் அடுத்த சமன்பாடுகள் எல்லாம் பிழையாகின்றன. தாளில் '25-க்கு 9' என்று மட்டும் இருந்தால் தனக்குக் கணக்கே வராது என்று அவர் முடிவு கட்டுவார். விடுபட்ட விசையை ஆசிரியர் சிவப்பு மையில் வரைந்து காட்டினால், ஒரே ஒரு அம்புக்குறிதான் குறை என்பது தெரிந்துவிடும்.

மொழி அடுத்த தடை. பள்ளியில் கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ படித்தவருக்கு முதல் பருவத்தின் ஆங்கில விரிவுரை இரட்டைச் சுமை. கன்னடம் அறியாதவருக்கு 'பளகெ கன்னட' என்ற தனிப்பாடத்தைப் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. அதே அக்கறை கலைச்சொற்களுக்கும் தேவை.

தடுமாறும்போது கேட்க ஆளும் வேண்டும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மூன்று வார அறிமுகத் திட்டம் சுமார் 20 மாணவருக்கு ஓர் ஆசிரிய வழிகாட்டி என வகுக்கிறது. அந்த உறவு மூன்று வாரத்தோடு முடியாமல் நான்காண்டும் நீடிக்க வேண்டும்.

இதன் அவசரம் எண்களில் தெரிகிறது: 2022-ல் நாடு முழுவதும் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது.

இவற்றின் அடிப்படையில் கல்லூரிகள் நான்கைச் செய்ய வேண்டும்: விடைத்தாளை அடுத்த தேர்வுக்கு முன்பே குறிப்புகளுடன் திருப்பித் தருதல், முதல் ஆண்டில் கன்னடம், தமிழ் விளக்கத்துடன் கலைச்சொல் வகுப்பு நடத்துதல், ஒரே நாளில் இரண்டு தேர்வுகள் வைக்காதிருத்தல், ஆலோசகரிடம் செல்வது துறைத்தலைவருக்குத் தெரியவராது என்ற உறுதியை எழுத்தில் தருதல்.

மனம் சோர்ந்த மாணவர் கல்லூரிக்கு வெளியே உதவி தேடினால், அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்த எண் ஒவ்வொரு விடுதி அறிவிப்புப் பலகையிலும் இருக்கட்டும்.