உத்தரவுக்குக் காத்திருந்த பத்தொன்பது மாதம்

கொரோனா ஊரடங்கால் 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பார்க்க மதுரைக்குப் போக வழியில்லை. சமயநல்லூர் வீடுகளில் டி.வி.யைப் பார்த்தபடியே பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பரவை மார்க்கெட்டில் தொற்று பரவியபோது, லோடு ஆட்டோவில் தக்காளியும் வெங்காயமும் தெருவுக்கே வந்தன. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சியோடு நம் மதுரை மேற்கு ஒன்றியத்துக்கும் முழு ஊரடங்கு. அதையும் சமாளித்தோம். சாமிக்கு வழி கண்டோம், வயிற்றுக்கு வழி கண்டோம். பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும், அரசு உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். பெற்றோர்களாகிய நாம் இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

2020 மார்ச்சில் மூடிய ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பை முடிக்காமல் வீட்டுக்கு வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. கரும்பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் பார்த்து எழுதிவிடும். எழுதியதை வாசி என்றால் நம் முகத்தைப் பார்க்கும். ‘ஆல் பாஸ்’ என்று கேட்டதும் நிம்மதியடைந்த நாம், ஒரு மாலைகூட அந்த நோட்டைத் திறந்து பக்கத்தில் உட்காரவில்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. வீட்டு ரிமோட் பெரியவர்கள் கையில் இருந்தது. இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய், ராத்திரி சார்ஜும் நெட்டும் தீர்ந்து திரும்பியது. போன் வாங்க முடியாத குடும்பத்தின் மேல் குற்றமில்லை. அதே தெருவில் போன் வைத்திருந்த நாம், நம் பிள்ளைக்கு வகுப்பு நடந்தால் போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டோமே, குற்றம் அங்கேதான்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்து வகுப்பு நடத்தத் தன்னார்வலர்கள் வந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள்? பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மருமகள், கல்லூரி மூடியிருந்தபோது வீட்டோடு இருந்த தங்கச்சி. எல்லாரும் அவரவர் ஊர்க்காரர்கள். நம் தெருவிலும் அப்படிப்பட்டவர்கள் அத்தனை மாதமும் இருந்தார்கள். “சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடும்மா” என்று நாம் கேட்கவில்லை. தொற்றுப் பயம் நியாயமானது. இரண்டாம் அலையில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஆனாலும் தொற்று தணிந்திருந்த மாதங்களில் கல்யாணம் வைத்தோம், காதுகுத்து வைத்தோம், தேர்தல் பிரசாரத்துக்கும் போனோம். ஐந்து பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்காரவைக்க மட்டும் மனம் வரவில்லை.

உத்தரவு வர வேண்டும் என்று சொன்னோமே, அதுவும் உண்மையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. நாம் அதைக் கையெழுத்துப் போடும் வேலையாகவே நினைத்தோம். ஒரு கூட்டம் போடுங்கள் என்று கேட்கும் உரிமையைப் பயன்படுத்தவில்லை.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சென்ட்ரிங் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துவந்தவனை, பொறுப்பான பிள்ளை என்று மெச்சினோம். பள்ளி திறந்தபோது அவன் திரும்பிப் போகாததில் நம் மெச்சலுக்கும் பங்கு உண்டு.

கொரோனா போய்விட்டது. 2023லும் 2024லும் வெயிலால் ஜூனில் பள்ளி திறப்பு தள்ளிப்போனது. மழை வந்தாலும் விடுமுறைதான். இன்றும் நாம் டி.வி.யில் விடுமுறைச் செய்தி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்த வீட்டுத் திண்ணை கிடைக்கும், யாரிடம் போன் இல்லை, தெருவில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் யார் என்ற பட்டியலை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே எடுக்கச் சொல்லிக் கேட்போம். வேலைக்குப் போய்த் திரும்பாத அந்தப் பையன்களின் வீடுகளுக்கும் போக வேண்டும். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத அவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது.