சத்து மாத்திரையும் நம் கோபமும்

போன மாத வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர், பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். மீன் எண்ணெய் மாத்திரை. வகுப்பில் ஒருவன் சாதிப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்ய, இவர் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறார். விசாரணை நடந்தது. முடிவில் அங்கிருந்த ஆலோசகர் அன்பாகவே சொன்னாராம்: "தம்பி, உனக்குக் கோபம் அதிகம். சத்துக் குறைவா இருக்கும். ஒமேகா-3 சாப்பிட்டுப் பாரு, மனசு அமைதியாகும்." இவரும் விடுதியில் கடன் வாங்கி டப்பாவை வாங்கிவிட்டார். கிண்டல் செய்தவனுக்கு எந்த மாத்திரையும் பரிந்துரைக்கப்படவில்லை.

"இது உண்மையா தோழர்? மாத்திரை தின்றால் கோபம் குறையுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

முதலில் ஆய்வுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி இளங்குற்றவாளிகள் சிறையில் பெர்னார்ட் கெஷ் குழுவினர் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 231 இளைஞர்கள். ஒரு பிரிவினருக்கு வைட்டமினும் தாதுக்களும் கொழுப்பு அமிலங்களும் கொண்ட மாத்திரைகள். மற்றவர்களுக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரைகள். யாருக்கு எது என்று கைதிகளுக்கும் தெரியாது, காவலர்களுக்கும் தெரியாது. சத்து மாத்திரை எடுத்தவர்கள் மீது பதிவான ஒழுங்குமீறல்கள் மற்றவர்களைவிட சுமார் 26 விழுக்காடு குறைவாக இருந்தன.

நெதர்லாந்தில் 221 இளம் கைதிகளிடம் இதே போன்ற ஆய்வு நடந்து 2010-இல் வெளியானது. சத்து மாத்திரை எடுத்தவர்களிடம் மோதல் சம்பவங்கள் 34 விழுக்காடு குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 14 விழுக்காடு கூடின. ஆனால், கோபத்தையும் மனநிலையையும் பற்றிக் கைதிகளிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஒமேகா-3 பற்றிய 29 ஆய்வுகளை, மொத்தம் 3,918 பேரை, 2024-இல் ஏட்ரியன் ரெய்ன் தொகுத்துப் பார்த்தார். ஆக்ரோஷம் குறைகிறது, ஆனால் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு என்பதுதான் அவர் கண்ட முடிவு.

மனச்சோர்வு விஷயத்தில் நிலைமை இன்னும் மங்கலானது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 18,353 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவு: மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை.

ஆக, உடம்பில் சத்துக் குறைந்து இருப்பவருக்கு அந்தக் குறையை நிரப்பினால் பலன் உண்டு. ஏற்கெனவே போதிய சத்து உள்ளவருக்கு மேலும் மேலும் விழுங்கினால் அமைதி வந்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதற்குக் காரணமும் எளிமையானது. மூளையில் டோபமைன், செரோடோனின் ஆகியவை உருவாக இரும்புச்சத்து வேண்டும். மூளைச் செல்களின் சுவரில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. நரம்புகளுக்கு பி12 வேண்டும். இவை குறைந்தால் தூக்கம் கெடும், கவனம் சிதறும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். கோஸ்டாரிக்காவில் பெட்ஸி லோசாஃப், குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புச்சத்துக் குறைவோடு இருந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். இரத்தச்சோகை சரியான பிறகும், 11 முதல் 14 வயதில் அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கவனக்குறைவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு. மதிய உணவில் நாட்டுக்கே வழிகாட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் நிலை இது. அந்த ஆலோசகர் இந்தக் கணக்கைச் சொல்லி, "விடுதியில் என்ன சாப்பாடு போடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தால் நாங்கள் அவருக்கு நன்றி சொல்லியிருப்போம். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023-இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 50 ரூபாய். விடுதிகளின் பெயர் 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று மாறியது. பெயர்ப்பலகை மாறியதை வரவேற்கிறோம். குழம்பு கெட்டியாவது எப்போது?

இங்கே இன்னொன்றையும் பேச வேண்டும். தின்பது குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பேச்சு இந்த நாட்டுக்குப் புதியதில்லை. கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை சாத்விகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பருப்புச் சாதம் சாப்பிடுகிறவர் சாது, கறி தின்கிறவர் முரடர் என்று ஆக்கிவிட்டார்கள். மாட்டுக்கறி தின்றால் புத்தி மழுங்கும் என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கருவாட்டு வாடைக்காக வீடு மறுக்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சரி, அந்தச் சிறைகளில் கொடுத்த மாத்திரைகளில் என்னதான் இருந்தது? இரும்பு, துத்தநாகம், பி12, மீன் கொழுப்பு போன்றவை. இரும்பும் துத்தநாகமும் பி12-உம் மாட்டுக்கறியிலும் ஈரலிலும் நிறைய இருக்கின்றன. மத்தி மீனில் ஒமேகா-3 இருக்கிறது. எதைத் தின்றதற்காக நம் தாத்தா பாட்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தச் சத்தையே இன்று டப்பாவில் அடைத்து, மன அமைதிக்கு நல்லது என்று நமக்கே விற்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிற அந்த உணவை வெட்கப்படாமல் தின்னும் உரிமையைப் பேசாமல், சத்துக்குறைவைப் பற்றி மட்டும் நமக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

அடுத்தது, அளவுகோல். அந்த ஆய்வுகளில் எண்ணப்பட்டது கைதியின் மனதில் இருந்த கோபம் அல்ல, அவர் மீது எழுதப்பட்ட புகார். யார் யார் மீது புகார் எழுதுகிறார்கள் என்பதில்தான் நம் நாட்டில் சாதி இருக்கிறது. 1871-இல் வந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறக்கும்போதே குற்றவாளிகள் என்று எழுதிவைத்தது. அன்றைக்கு 'இரத்தத்தில் இருக்கிறது' என்றார்கள். நாளைக்கு 'அவர்கள் மூளையில் சத்து இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர், சிறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

அந்தச் சிறைகளில் யார் சமைக்கலாம், யார் கக்கூஸ் கழுவ வேண்டும் என்பதைக்கூட பல மாநிலங்களின் சிறை விதிகள் சாதி பார்த்தே வகுத்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கைதிக்குச் சத்தான உணவு வேண்டும் என்று நாமும் கேட்கிறோம். அவரை அடக்கி வைக்க உதவும் என்பதற்காக இல்லை, அவரும் மனிதர் என்பதற்காக.

பசி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துச் சோதித்தார். அவர்கள் எல்லோரும் போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று கொள்கையாக மறுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களே எரிந்து விழுந்தார்கள், சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிச் சண்டை போட்டார்கள். பிறகு அதைவிட மோசமான ஒன்று நடந்தது. எதிலும் அக்கறை இல்லாமல் சுருண்டு போனார்கள். உலகத்தை மாற்றுவது பற்றிய பேச்சு நின்று, சாப்பாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சியது.

இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பசி நம்மை முரடர்களாக்குவதைவிட, ஓய்ந்தவர்களாக்குவதே அதிகம். "சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" என்று நம் ஊரில் கேட்பார்கள். ரோஷம் வர வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அந்தக் கேள்வி கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபமும் பதற்றமும் ஒன்றில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவர்களை ஆதிக்கச் சாதியினர் தடிகளோடு வந்து தாக்கினார்கள். பந்தலில் இருந்த சோறு மண்ணோடு மண்ணானது. திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் தடுத்து நிறுத்தினார். அவருக்குக் கோபம் இல்லையா? அந்த ஆண்டு டிசம்பரில் அதே மகாதில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. கோபத்தைக் கைவிடாமல், அதற்கு நாளும் இடமும் குறித்தார்கள். கை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி நிற்கும் வலு நமக்கு வேண்டும். நல்ல உணவும் தூக்கமும் அந்த ஒரு நொடிக்கு உதவும். அதற்கு மேல் அவை எதையும் செய்யாது, செய்யவும் வேண்டாம்.

ஆகவே தோழர்களே, நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறோம். களப்பணி என்று சொல்லி டீயிலும் பிஸ்கட்டிலும் நாளைக் கழிக்காதீர்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சோர்வும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாதீர்கள், தங்கைகளிடமும் சொல்லுங்கள். மனம் இருண்டு கிடந்தால் மாத்திரை டப்பாவை நம்பாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விடுதியில் உணவுக்குழு அமைக்கக் கேளுங்கள். முட்டை எத்தனை வந்தது, தட்டில் எத்தனை விழுந்தது என்று எழுதிவையுங்கள்.

அந்த மாணவரிடம், வாங்கிய மாத்திரையைத் தின்று தீருங்கள், கெடுதல் இல்லை என்றோம். அடுத்த டப்பா வேண்டாம் என்றோம். பலர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம் என்று எடுத்துக் காட்டினோம். அது அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. முதலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், சோறும் மாட்டுக்கறிக் குழம்பும். பிறகு அவர் தன் கையாலேயே புகாரை எழுதினார். தேதி, இடம், சொன்ன சொல், கேட்டவர்கள் பெயர் எல்லாம் வரிசையாக. கோபம் அப்படியே இருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது.

ஜெய்பீம்.