பிளஸ் ஒன் பாடமும் பிரவேசப் பரீட்சையும்

கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பயிற்சி மையங்களின் காரியம், பள்ளிக்கூடத்தின் காரியமன்று என்ற அபிப்பிராயம், கடந்த சில ஆண்டுகளில் பெற்றோர் மனத்தில் மட்டுமின்றி ஆசிரியர்கள் மனத்திலும் மெல்ல மெல்ல வேரூன்றிவிட்டது. பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்த கையோடு சில வாரப் பயிற்சி. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய ஓராண்டு 'ரிப்பீட்டர்' வகுப்பு. இரண்டுக்கும் வழியில்லாதவர்களுக்குச் செல்பேசியில் காணொளிப் பாடங்கள். உதவி என்றால் இவ்வளவுதான் என்று எண்ணுகிறோம். இவற்றில் எதையும் நான் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆனால், பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒழுங்காகக் கற்பிக்கப் பெறாத மாணவனுக்கு இவற்றில் எதுவும் பெரும்பயன் விளைவிக்காது என்பது என் துணிபு.

மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978இல் தோன்றியது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது பாதகமாக இருந்தமையால், பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணே சர்வமும் என்றாகிவிட்ட காலத்தில்தான், யாரும் பெரிதாகக் கவனியாத ஒரு கேடு வளர்ந்தது. பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை; ஆகவே அந்த வகுப்பின் பாடப்புத்தகத்தைத் திறவாமலேயே, பிளஸ் ஒன் ஜூன் மாதத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டாண்டுகள் அதையே திரும்பத் திரும்ப எழுதவைத்து, மாநிலத்தில் முதலிடம் என்று விளம்பரம் செய்த தனியார் பள்ளிகள் பல. அங்கே பயின்று, இயக்கவியலின் அரிச்சுவடியும் அறியாமல் பொறியியல் கல்லூரிக்குள் வந்து, முதலாண்டுக் கணிதத்திலும் இயற்பியலிலும் தடுமாறிய பிள்ளைகளைக் கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிவார்கள். 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு தமிழகத்துக்கும் கட்டாயமானபோது அந்தக் கேடு முற்றிலும் வெளிப்பட்டது. நீட்டின் வினாக்களில் ஏறத்தாழச் சரிபாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருபவை. இயக்கவியல், வெப்பவியல், அலைகள், வேதிச் சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படைகள், மனித உடலியல் ஆகிய அனைத்தும் பதினோராம் வகுப்புக்குரியவை.

அந்த அனுபவத்தின் பயனாகவே 2017–18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே புதிய பாடத்திட்டமும், முன்னையவற்றினும் பன்மடங்கு செறிவுள்ள பாடநூல்களும் வந்தன. இப்போதோ மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை அடுத்து, 2025–26 கல்வியாண்டு முதல் அப்பொதுத் தேர்வு ரத்தாகியிருக்கிறது. பதினைந்து வயதிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதும் பாரத்தைப் பிள்ளைகள் மீதிருந்து இறக்கியது சரியான செயலே. எனினும், காவல் நின்ற ஒன்றை எடுத்துவிட்ட இடத்தில் வேறொரு காவலை வைத்தோமா என்ற கேள்விக்குத் திருப்தியான விடை இல்லை. பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்குமானால், அதனால் முதலில் அடிபடப்போகிறவர்கள் ஓராண்டு 'ரிப்பீட்டர்' வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளே. நீட் வந்தபின், முதல் முயற்சியில் இடம் பெறுவோர் குறைந்து, மறுமுறை எழுதுவோர் பங்கு பெரிதும் உயர்ந்ததை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறது.

நீட் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் வேறு. அது ஏழை மாணவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆயினும், சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியும் விலக்குக் கிட்டவில்லை. இதற்கிடையே ஆண்டுதோறும் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விலக்குக் கோரிப் போராடுவதும், அது கிட்டும்வரை பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவதும் ஒன்றுக்கொன்று விரோதமான காரியங்கள் அல்ல.

அப்படி நடத்துவது வகுப்பறையில் எவ்விதம் நிகழும் என்பதை ஒரு வினாவைக் கொண்டு பார்க்கலாம். செங்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? சுழி, கீழ்நோக்கி g, மேல்நோக்கி g, கணத்துக்குக் கணம் மாறும். விடைகள் நான்கு. உச்சியில் திசைவேகம் சுழி என்பதை மனப்பாடம் செய்த மாணவன், சிறிதும் தயங்காமல் முதல் விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். அவன் படிக்காதவன் அல்லன். படித்ததை இடம் மாற்றி வைத்துவிட்டான். சரியான விடை இரண்டாவது என்று சொல்லிவிட்டு மேலே செல்லும் ஆசிரியர் அவனுக்கு ஒரு விடையைக் கொடுத்தார். 'உச்சியில் முடுக்கமும் சுழியாகுமானால், நின்ற பந்து அங்கேயே நின்றுவிடுமே, ஏன் கீழே வருகிறது?' என்று அவனையே கேட்டு, மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதை அவன் வாயாலேயே சொல்லவைக்கும் ஆசிரியர், திசைவேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஆயுள் முழுவதும் மறவாதபடி கொடுத்துவிடுகிறார். ஒரு வினாவுக்கு இப்படிப் பத்து நிமிஷம் செலவழித்தால் பாடம் எப்போது முடியும் என்று கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். 'புக் பேக் ஒன் வேர்டு' என்று பிள்ளைகள் உருப்போடும் அதே வினாக்களையே எடுத்துக்கொள்ளலாம். தனிப் புத்தகம் வேண்டியதில்லை.

இந்த அப்பியாசத்துக்கு மதிப்பெண் கணக்கிலும் நியாயம் உண்டு. நீட்டில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிவு. தெரியாத வினாவைத் தொடவே கூடாது என்று அச்சுறுத்துகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் குறித்துவிடு என்று தூண்டுகிறவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு விடைகளைக் காரணத்தோடு தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பவனுக்கோ சராசரியாக ஒன்றரை மதிப்பெண். தவறான விடையைத் தவறென்று கண்டுகொள்ளும் பழக்கம், முழு விடை தெரியாத இடத்திலும் மாணவனைக் காக்கிறது.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன; அதற்கென 196 கருணை மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது என்பது தேர்வு முகமையின் விதி. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வாசகமும் உடன் இருக்கிறது. ஆகவே தமிழில் சிந்திக்கும் மாணவன் தமிழிலேயே சிந்திக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அதன் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகட்டும். இப்பழக்கத்தைப் பிளஸ் ஒன் முதல் மாதத்திலேயே தொடங்கினால் சுமை தெரியாது.

இவையெல்லாம் முதுகலை ஆசிரியரின் நேரத்தைக் கோருகின்றன. அந்த நேரத்தை எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றங்களிலும் பிற அலுவல்களிலும் செலவழிக்கச் சொல்லிவிட்டு, தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று ஆசிரியரைக் கேட்பது தர்மமாகாது. அரசுப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியர் இடம் ஒன்று காலியானால், அதைக் கல்வியாண்டின் நடுவிலும் உடனடியாக நிரப்புவதே அரசு நடத்தக்கூடிய பயிற்சி மையங்கள் அனைத்திலும் மேலானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 2020இல் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நூற்றுக்கணக்கான எளிய குடும்பங்களில் மருத்துவ மாணவர்களை உண்டாக்கியிருக்கிறது. அந்தக் கதவு திறந்திருக்கும்போது, அதற்குள் நுழையும் பிள்ளைகளின் அடிப்படை வலுவாக இருக்கவேண்டாமா?

நீட்டையே முழு உலகமாக எண்ணுவதும் பிழை. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழில் 2021 முதல் எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வையும் 2022 முதல் தமிழில் எழுதலாம். இதை அறியாத பிள்ளைகள் இன்னும் ஏராளம். விண்ணப்பத்துக்கு வேண்டிய ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வகுத்த படிவத்தில் இருக்கவேண்டும் என்பதும், மாநிலச் சாதிச் சான்றிதழ் அதற்குப் போதாது என்பதும் கடைசி நாளில்தான் பல வீடுகளில் தெரியவருகின்றன. பள்ளியில் ஓர் ஆசிரியரை இதற்கெனப் பொறுப்பாக்கி, தீபாவளி விடுமுறைக்கு முன்பே சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டால், எத்தனையோ குடும்பங்கள் இ-சேவை மைய வாசலில் தவிப்பது நிற்கும்.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மாதக் கட்டணம் கேட்கும் பயிற்சி மையத்தின் வாசலுக்குச் செல்லும் முன், இந்த வாரமே பள்ளிக்குச் சென்று தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இதுவரை எத்தனை பாடம் நடந்திருக்கிறது என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால், நடத்தித் தருமாறு நான்கு பெற்றோராகச் சேர்ந்து எழுத்து மூலம் கொடுங்கள்.