கொழுந்துக்கு ஆலோசகர் உண்டு, கோஸுக்கு?

"தலைமுறை தலைமுறையாக மண்ணில் நிற்பவர்களுக்குக் கூட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பராமரிக்க நிபுணர் எதற்கு? ஆர்வம் போதும்" என்கிறார் நண்பர். பாராட்டுப்போல ஒலித்தாலும் இந்த வாதம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கைவிடுகிறது.

கேரளத்தின் வண்டிப்பெரியாரிலேயே உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை மையம் இருக்கிறது. எஸ்டேட்டுகளுக்கே யோசனை தேவைப்படும்போது, லயத்துப் பெண்கள் சேர்ந்து போடும் பாத்திக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

கொழுந்து கிள்ளத் தெரிவது வேறு, முட்டைக்கோஸைக் காப்பது வேறு. தேயிலைக்குப் பிடித்த அதே புளிப்பு மண்ணில்தான் கோஸின் வேர் வீங்கும் நோயும் செழிக்கும். வெயிலில் இலை வாடும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் விரலாகத் தடித்திருக்கும். அந்தக் கிருமி மண்ணில் பல வருஷம் கிடக்கும். நடும் முன்பே மண்ணைச் சோதித்து, எவ்வளவு சுண்ணாம்பு போடுவதென்று ஒருவர் சொன்னால் பெருமளவு தடுக்கலாம்.

கேரளத்தில் 1987 முதல் கிருஷி பவன்கள் என்னும் வேளாண் அலுவலகங்கள் இருக்கின்றன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் மகளிர் திட்டத்தில் பெண்கள் கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். அவர்களை மனுவோடு அலுவலகப் படியேறச் சொல்லாமல், மாதம் ஒரு முறை, கூலி நாள் வீணாகாத ஞாயிற்றுக்கிழமையில், கிருஷி ஆபீசர் பாத்திக்கே வரட்டும். வந்து தமிழில் பேசட்டும்.