வெயில் இருந்தும் வைட்டமின் டி குறைவதேன்?

வானகரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்கூல் வேன், வகுப்பறை, டியூஷன், செல்போன் என்று பல பிள்ளைகளின் பகல் கூரைக்குக் கீழேயே கழிகிறது. 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 24 சதவிகிதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது.

உடல் பருமனான பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. உடம்பில் இருக்கும் கொழுப்பிலேயே தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைகிறது. 'குண்டாத்தானே இருக்கான், சத்துக்கு என்ன குறை?' என்று இருந்துவிடக் கூடாது.

கால்வலி, சோர்வு தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இவர்களுக்கு மருந்து 2, 3 மடங்கு தேவைப்படலாம். அந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுத்து அளவு மீறினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

லீவு நாளில் காலை 10 மணிக்கு மேல் அரை மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். வெயிலும் கிடைக்கும், எடையும் கட்டுக்குள் வரும்.